காகிதத்தில் மட்டும்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. பிரிஜட் பத்து நாள் வாய் திறக்காமல் இருந்தாள் என்றுதான் எங்கள் மாதா கோயில் வட்டாரத்தில் பேசிக்கொண்டார்கள். பன்னிரண்டு நாள் என்றவர்களும் உண்டு. ஒருமுறை அவளிடமே கேட்டேன். அவள் எண்ணிக்கை எதுவும் சொல்லவில்லை. அந்த இடைவெளியில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைப் பூசை வந்தது என்று மட்டும் சொன்னாள். ஆண்டு எழுபத்தொன்பது என்பது உறுதி. அந்த வருஷம்தான் எமில்டா ஆறாம் வகுப்புப் பரீட்சை எழுதினாள். மற்றதையெல்லாம், கேட்டதோடு ஊகித்ததையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கதை அதற்கும் ஐந்து வருஷம் முன்னால் தொடங்குகிறது. பிரிஜட் அப்போது சிங்கப்பூரில், ஜாலான் புசாரில் ஓர் இரும்புச் சாமான் கடைக்கு மேலே ஓர் அறையில் குடியிருந்தாள். புருஷன் சரக்குத் தோணியில் வேலை செய்தவர். மூட்டை சரிந்து விழுந்து இறந்துபோனார். குழந்தை கிடையாது. பிரசவ ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. நாள் முழுவதும் துணிக்குக் கஞ்சி போடுவாள், இஸ்திரி போடுவாள். சாயங்காலம் அறைக்கு வந்தால் யாரோடும் பேச வேண்டியதில்லை. அவளுக்கு அது பழகிப்போயிருந்தது.

அந்த வரிசைக் கடைவீடுகளை இடிக்கப்போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. கீழே இருந்த சீனக் குடும்பங்களுக்கு அடுக்குமாடி வீடு கிடைத்தது. பிரிஜட்டும் போய் வரிசையில் நின்றாள். தனி ஆளுக்கு வீடு இல்லை, குடும்பம் வேண்டும் என்றார்கள். புருஷன் செத்துப்போன ஒருத்தி குடும்பத்துக்கு எங்கே போவாள் என்று அவள் கேட்கவில்லை. கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

அவளுடைய தம்பி லாசரஸ் துறைமுகத்தில் வெல்டர். தஞ்சோங் பகாரில் தொழிலாளர் குடியிருப்பில் மனைவி மதலேனாவோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருந்தான். மூத்தவள் எமில்டாவுக்கு ஏழு வயது. அடுத்தவன் அலெக்சாண்டர் அப்போதுதான் தட்டுத்தடுமாறி நடக்கத் தொடங்கியிருந்தான். ஓஃபிர் ரோடு கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வந்தபோது லாசரஸ் அக்காவின் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டான். எதையும் நின்ற இடத்திலேயே முடிவு செய்கிறவன் அவன். எமில்டாவை அக்கா பேருக்குத் தத்து எழுதிக் கொடுத்துவிடலாம், தாயும் மகளுமாக மனுப் போட்டால் வீடு கிடைத்துவிடும் என்றான்.

"பேப்பர்ல மட்டும்தான்க்கா. பிள்ளை எங்க பிள்ளைதான்."

மதலேனாவுக்கு விருப்பமில்லை. ஆனால் புருஷனின் அக்கா தெருவில் நிற்கும்போது எந்த வாயால் மாட்டேன் என்பது? சரி என்று தலையை ஆட்டினாள்.

வக்கீல் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர் அப்துல் கஃபார் என்ற பெரியவர். விண்ணப்பத்தை நிரப்பும்போது அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு லாசரஸைப் பார்த்தார்.

"எங்க மார்க்கத்துல யார் பிள்ளையையும் எடுத்து வளர்க்கலாம் தம்பி. ஆனா தகப்பன் பேரை மட்டும் மாத்தக் கூடாது. நல்லா யோசிச்சீங்களா?"

லாசரஸ் சிரித்தான். "எங்களுக்கும் அப்படித்தான் பாய். கோயில் புத்தகத்துல என் பேருதான் இருக்கு. ஞானஸ்நானம் குடுத்தது அங்கதானே, அதை யாரால மாத்த முடியும்? இது வீட்டுக்காக லா."

லாசரஸ், மதலேனா, பிரிஜட் மூன்று பேருமே அதை அப்படியேதான் நம்பினார்கள். சாமியார் கைப்பட எழுதிய அந்தப் பெரிய புத்தகத்தில் தகப்பன் லாசரஸ், தாய் மதலேனா என்று இருக்கும்வரை மற்ற காகிதங்கள் பஸ் டிக்கெட் மாதிரி, ஏறி இறங்கியதும் கசக்கிப் போட்டுவிடலாம் என்று நினைத்தார்கள். கஃபார் பாய் அதற்கு மேல் பேசவில்லை. பேனாவைத் திறந்தார்.

விசாரிக்க ஓர் அதிகாரிப் பெண்மணி ஜாலான் புசார் அறைக்கு வந்தார். அன்று மதலேனா கீழே இரும்புக் கடையில் ஆணி வாங்க வந்தவள் மாதிரி நின்றுகொண்டிருந்தாள். மேலே எமில்டா பிரிஜட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இது யார் என்று அதிகாரி கேட்டார். பிள்ளை சொல்லிக் கொடுத்தபடியே "அம்மா" என்றாள். மூன்று முறை கேள்வி வந்தது. மூன்று முறையும் அதே பதில். அதிகாரி போன பிறகு பிரிஜட் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அந்தச் சொல்லை அவளைப் பார்த்து அதுவரை யாரும் சொன்னதில்லை.

எமில்டாவுக்குப் புதிய பிறப்புச் சான்றிதழ் வந்தது. தாய் பிரிஜட். தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. அடுத்த வருஷம் ஜாலான் புசாரை ஒட்டிய ஓர் அடுக்குமாடி புளோக்கில் ஒன்பதாவது மாடியில் வீடு கிடைத்தது.

யாராவது சோதிக்க வந்தால் பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும் என்று பயந்து எமில்டாவை அருகிலிருந்த பள்ளியில் சேர்த்தார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை அத்தை வீடு, சனி ஞாயிறு தஞ்சோங் பகார். சோதிக்க யாரும் வரவில்லை. ஆனாலும் அந்த ஏற்பாடு அப்படியே நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் பிரிஜட் பள்ளிச் சீருடையை இஸ்திரி போட்டு நாற்காலி முதுகில் தொங்கவிடுவாள். பிள்ளை சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. எமில்டா அவளை அத்தை என்றுதான் கூப்பிட்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளையைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது மின்தூக்கியில் ஒன்பது மாடி ஏறுவது பிரிஜட்டுக்கு வெகு நேரமாகத் தோன்றும்.

எழுபத்தொன்பதாம் வருஷம் லாசரஸுக்கு ஒரு கடிதம் வந்தது. முன்பு அவனோடு வேலை பார்த்த யுரேஷியன் ஃபோர்மேன் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் ஜெரால்டன் என்ற சிறிய ஊரில் இருந்தார். சிங்கி இறால் பிடிக்கும் படகுகளைப் பழுது பார்க்கும் தளம் ஒன்றில் அவருக்குப் பொறுப்பு. நல்ல வெல்டர் வேண்டும், குடும்பத்தோடு வந்துவிடு, கைக்கு அடக்கமான ஊர், கடலைப் பார்த்த வீடு என்று எழுதியிருந்தார். கூடவே ஒரு படத் தபால் அட்டை. நீண்ட மரப் பாலம், வெள்ளை மணல், நீலக் கடல். மதலேனா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஊர் நல்லாத்தான் இருக்கு, மனுஷர் யாரையும் காணோமே என்றாளாம்.

லாசரஸ் வழக்கம்போல நின்ற இடத்திலேயே முடிவெடுத்தான். தூதரகத்தில் நேர்முகம். பிள்ளைகள் மூன்று பேர் என்று சொன்னான். அதற்குள் கடைக்குட்டி மரியஅந்தோணியும் பிறந்திருந்தான். பையன்களின் சான்றிதழ்களைப் பார்த்த அதிகாரி பெண்ணுடையது எங்கே என்று கேட்டார். லாசரஸ் பெருமையோடு ஞானஸ்நானச் சான்றிதழை நீட்டினான். அது கோயில் காகிதம், பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார் அதிகாரி. வேறு வழியில்லாமல் அதையும் எடுத்துக் கொடுத்தான். அதிகாரி வெகு மரியாதையாக, இந்தப் பெண் உங்கள் மகள் இல்லையே என்றார்.

தாய் என்று எழுதப்பட்டிருப்பவர் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும், நீதிமன்றத்தில் மனுக் கொடுத்ததற்கு அத்தாட்சி வேண்டும், மாதக் கடைசிக்குள் இரண்டும் வந்தால் பெண்ணின் பெயரையும் சேர்த்துப் பரிசீலிக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்று வாரம் இருந்தது. லாசரஸ் மறுபடியும் கஃபார் பாயிடம் போய் நின்றான்.

"சொந்த மகளையே தத்தெடுக்கிற ஆளை இன்னிக்குத்தான் தம்பி பாக்குறேன்," என்றார் அவர். பிறகு, அவன் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அக்கா கையெழுத்துப் போட்டா வழி இருக்கு. போடலேன்னா இல்ல. வேற எதுவும் என்கிட்ட கேக்காதீங்க."

ஒரு சனிக்கிழமை மத்தியானம் லாசரஸும் மதலேனாவும் ஒன்பதாவது மாடிக்கு வந்தார்கள். வெள்ளிக்கிழமையே தஞ்சோங் பகாருக்குப் போயிருக்க வேண்டிய எமில்டாவை, இந்த விஷயம் முடியும்வரை அத்தை வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருந்தார்கள். அவள் உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அறைக் கதவு திறந்துதான் இருந்தது.

லாசரஸ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். பிள்ளை பெயர் போய்விட்டால் வீட்டைப் பற்றி யாராவது கேட்பார்களா என்பது தனக்குத் தெரியாது, கேட்க மாட்டார்கள், கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்றான். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லவில்லை. பிரிஜட் மேசை விரிப்பின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். மதலேனா அவள் கையைப் பிடித்தாள்.

"அண்ணி, அன்னைக்கு நீங்க கேக்காமலே குடுத்தோம். இன்னைக்கு நான் கேக்குறேன். என் பிள்ளைய எனக்குக் குடுத்துடுங்க."

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள் பிரிஜட்.

அந்த ஒரு வார்த்தைதான். யோசிக்க என்ன இருக்கிறது என்று மதலேனாவின் கண் கேட்டது. ஆனால் அவள் வாய் கேட்கவில்லை. உள்ளே பென்சில் ஓடும் சத்தம் சற்று நின்று, பிறகு மறுபடியும் கேட்டது.

அதன் பிறகுதான் அந்தப் பத்து நாள். பிரிஜட் வேலைக்குப் போனாள், வந்தாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் தமிழ்ப் பூசைக்குப் போகாமல் விடியற்காலை ஆங்கிலப் பூசைக்குப் போய், புரியாத பிரசங்கத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பினாள். தம்பி முகத்தில் விழிக்க வேண்டியிருக்கவில்லை. சலவைக்கூடத்தில் அவள் பக்கத்தில் நின்று துணி மடித்த சரஸ்வதி, உடம்புக்கு என்ன என்று இரண்டு முறை கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாள்.

அவள் எமில்டாவுக்காகக் காத்திருந்தாள். கையெழுத்துப் போடுங்கள் அத்தை என்று பிள்ளை ஒரு வார்த்தை சொன்னால் அந்த நிமிஷமே போட்டுவிடுவாள். நான் போகவில்லை என்று சொன்னால் அதையும் பிடித்துக்கொண்டு நிற்பாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை சொல்லித் தன் பாரம் இறங்க வேண்டும் என்று எதிர்பார்த்தது எவ்வளவு பெரிய அநியாயம் என்று அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. பிள்ளையோ அத்தை வாயிலிருந்து வருவதற்காகக் காத்திருந்தது. ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டார்கள். ரசம் வேண்டுமா என்று ஒருத்தி கேட்பாள். போதும் என்று மற்றவள் சொல்வாள்.

பத்தாவது நாள், செவ்வாய்க்கிழமை, மேசைமேல் பள்ளிப் படிவம் ஒன்று கிடந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அடுத்துப் போக விரும்பும் உயர்நிலைப் பள்ளிகளை அதில் எழுத வேண்டும். எமில்டா தன் அழகான கையெழுத்தில் எழுதி முடித்திருந்தாள். பிரிஜட்டுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனாலும் தெருப் பெயர்களை எழுத்துக் கூட்டிக் கண்டுபிடித்துவிடுவாள். எல்லாமே அந்த வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த பள்ளிகள். அத்தை தன்னைப் போகவிட மாட்டாள் என்று பிள்ளை தானாகவே முடிவு செய்து, அழாமல், கேட்காமல், படிவத்தை நிரப்பி வைத்திருக்கிறது.

பிரிஜட் அன்று வேலைக்குப் போகவில்லை. நேரே தஞ்சோங் பகாருக்குப் பஸ் ஏறினாள்.

மதலேனா சமையலறை வாசலில் உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். லாசரஸ் இரவு வேலை முடிந்து வந்து படுத்திருந்தவன் எழுந்து வந்தான். கையெழுத்துப் போட வந்திருக்கிறேன், இன்றைக்கே பாயிடம் போகலாம் என்றாள் பிரிஜட். லாசரஸ் உட்காராமல் நின்றுகொண்டிருந்தான். மதலேனா நிமிரவில்லை.

"வெள்ளிக்கிழமையே ஃபாரத்தைக் குடுத்துட்டேன்க்கா."

"பிள்ளை பேரு?"

"எழுதல."

"மாசக் கடைசி வரைக்கும் நேரம் இருந்துச்சேடா."

"ஃபோர்மேன் ரெண்டாவது தடவ கடுதாசி போட்டுட்டாரு. வேற ஆளப் பாக்கட்டுமான்னு. நீ போட மாட்டேன்னு நெனச்சேன்."

"நான் மாட்டேன்னு சொல்லலையே."

"போடறேன்னும் சொல்லலையே."

மதலேனா நறுக்கிக்கொண்டே இருந்தாள். பிரிஜட் அப்போதும் விடவில்லை. இப்போதே போய் இன்னொரு பிள்ளை இருக்கிறது என்று சொன்னால் என்ன என்று கேட்டாள். லாசரஸ் முடியாது என்று தலையை ஆட்டினான். வேறு பிள்ளைகள் உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இப்போது மாற்றிச் சொன்னால் மொத்தமும் பொய் என்று எல்லோரையும் தள்ளிவிடுவார்கள் என்றான். முதலில் நாங்கள் நான்கு பேரும் போகிறோம், ஒரு வருஷத்தில் அவளைக் கூப்பிட்டுக்கொள்கிறோம் என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவன் சொன்னதை அவனே முழுசாக நம்பினான்.

"உங்க ரெண்டு பேருக்கும் அவசரமும் நிதானமும் நல்லா வருது," என்றாள் மதலேனா, பயற்றங்காயைப் பார்த்துக்கொண்டே. "பெத்தவளைத்தான் யாரும் கேக்கல."

டிசம்பரில் பாய லேபார் விமான நிலையத்தில் வழியனுப்பினார்கள். தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டும், பரீட்சை முடிவை எழுத வேண்டும், அத்தைக்கு ஒத்தாசையாக இருக்க வேண்டும் என்று மதலேனா நிறுத்தாமல் மகளிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போனபின் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிரிஜட்டைப் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது எமில்டா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கவில்லை என்று பிரிஜட்டுக்குத் தெரியும்.

ஜெரால்டனிலிருந்து எமில்டாவுக்கு மாதம் ஒரு கடிதம் வந்தது. ஓயாத காற்று, வாய் திறந்தால் ஈ, தெருவில் நடந்தால் கார்களை மெதுவாக்கி எட்டிப் பார்க்கிறார்கள் என்று மதலேனா எழுதினாள். சிங்கி இறால் பெட்டி கட்டும் தொழிற்சாலையில் தனக்கு வேலை கிடைத்திருப்பதாகவும், ஐஸில் விரல் மரத்துப்போவதாகவும் எழுதினாள். அலெக்சாண்டர் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறான் என்பதை இரண்டு கடிதங்களில் எழுதியிருந்தாள். ஒவ்வொன்றின் முடிவிலும் எமில்டாவைக் கூப்பிடும் விஷயமாக அப்பா அலைந்துகொண்டிருக்கிறார் என்று ஒரு வரி இருக்கும். கடைசியில் அத்தைக்குத் தனியாக ஒரு விசாரிப்பும் இருக்காது.

எண்பத்தொன்றில், மழைக்காலத்தில், அந்த வரி மாறி வந்தது. எமில்டா கடிதத்தை எப்போதும்போலச் சத்தமாக வாசித்தாள். லாசரஸ் முறைப்படி மனுப் போட்டிருக்கிறான். அவர்கள் பழைய கோப்பை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பிள்ளைகள் இரண்டு, வேறு பிள்ளைகள் இல்லை என்று அவனே எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம் அதில் இருந்திருக்கிறது. இல்லை என்று சொன்ன மகளைக் கூப்பிட வழியில்லை என்று மறுத்துவிட்டார்கள். கோயில் சான்றிதழை மறுபடியும் காட்டியிருக்கிறான். அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லையாம்.

வாசித்து முடித்து, கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள் எமில்டா. பதினாலு வயது. குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை.

"அந்தப் பத்து நாளும் நீங்க என்ன யோசிச்சீங்க அத்தை?"

பிரிஜட் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பதில் சொல்லாமல் இருக்க அவளுக்குத் தெரியும். வாழ்க்கையில் அவளுக்கு நன்றாகத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். ஆனால் பிள்ளை போகவில்லை, நின்றுகொண்டிருந்தாள்.

"வீட்டையா? என்னையா?"

உன்னைத்தான் என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை. அதைச் சொன்னால், அத்தை என்னை விரும்பியதால்தான் தாயையும் தகப்பனையும் தம்பிகளையும் இழந்தேன் என்று அந்தப் பிள்ளை காலம் முழுக்க அதைத் தூக்கிச் சுமக்க வேண்டும். நன்றியோடு வேறு சுமக்க வேண்டும். அதைவிட, உன்னைத்தான் என்று சொல்வது மன்னிப்புக்குக் கை நீட்டுகிற மாதிரி இருந்தது பிரிஜட்டுக்கு. கை நீட்ட அவளுக்கு உரிமை இருந்ததாகத் தோன்றவில்லை.

"வீட்டைத்தான்," என்றாள்.

எமில்டா மெதுவாகத் தலையசைத்தாள். வெகு நாளாக வராத கணக்கு ஒன்றுக்கு விடை வந்துவிட்டது போலிருந்தது அவள் முகம்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்," என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். மெதுவாகத்தான் சாத்தினாள். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அன்றுதான் முதல்முறையாக அந்தக் கதவு சாத்தப்பட்டது.

லாசரஸ் ஜெரால்டன் படகுத் தளத்தில் ஏழு வருஷம் வேலை செய்து, எண்பத்தேழில் மாரடைப்பில் இறந்தான். அங்கேயே அடக்கம் செய்தார்கள். மதலேனா பையன்களோடு அதே ஊரில் இருந்துவிட்டாள். இடையில் ஒரே ஒருமுறை சிங்கப்பூர் வந்து, கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஹோட்டலில் அறை எடுத்து, மகளை அங்கே வரவழைத்து இரண்டு வாரம் தன்னோடு வைத்திருந்துவிட்டுத் திரும்பினாள். பிரிஜட் வீட்டுக்கு வரவில்லை. அலெக்சாண்டர் சிங்கி இறால் படகில் வேலைக்குப் போகிறான். மரியஅந்தோணி படிக்கிறான். இருவருக்கும் தமிழ் வராது. அப்துல் கஃபார் எண்பத்து மூன்றில் காலமானார். எமில்டா தாதியாகி, எண்பத்தொன்பதில் மருதப்பன் என்ற பஸ் மெக்கானிக்கைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, சுவா சூ காங்கில் புதிதாகக் கட்டிய வீடு ஒன்றுக்குக் குடிபோனாள். ஆஸ்திரேலியாவுக்கு அவள் போனதே இல்லை. பிரிஜட் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஒன்பதாவது மாடியில் தனியாக இருக்கிறாள். வீட்டைப் பற்றி இதுவரை யாரும் வந்து கேட்கவில்லை.